ஜன்னல் ஓரம் எனக்கே இருக்கட்டும்

எடப்புளி நாடு, கொல்லிமலை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைமணிக்கு அப்பா சின்னராசு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மிளகுக்கொடிகளும் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டியவன் இன்று முழுக் கடிதமே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம்.

உன் பிரசவத்துக்கு நாங்கள் வரும் விமானத்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். திருச்சியிலிருந்து ஹைதராபாத் வரும்போது இடது பக்க ஜன்னல் ஓரம் வாங்கினால் கொல்லிமலை தெரியுமாம். அதற்குக் கூடுதல் காசாம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் சமவெளிக்காரர். நம் மலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வாந்திக்காரர்களுக்கு விடுகிற இடம் என்று நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

கீழே அடிவாரத்துக் காரவள்ளியில் பூரியும் குருமாவும் தின்றுவிட்டு ஏறுகிறார்கள். எழுபது வளைவில் பாதி ஏறுவதற்குள் அத்தனையும் பஸ்ஸின் வெளித்தகட்டில் கோடு கோடாக வழிகிறது. முன் ஜன்னல்காரன் தலையை நீட்டினால் பின் ஜன்னல்காரன் முகம் துடைக்க வேண்டும். போன வாரம் சுற்றிப் பார்க்க வந்த ஒருவன் வாந்திப் பையை முடிச்சுப் போட்டு அருவிப் பக்கம் வீசினான். சீ! வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு இதையெல்லாம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் நடுச் சீட்டுக்காரன். ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. உன் அம்மா சங்கதி உனக்கே தெரியும். உன் கல்யாணத்துக்குப் பிறகு பஸ் ஏறவேயில்லை. நீ பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். பழகிப் பார்க்கலாம் என்று புதன்கிழமை இருவரும் காரவள்ளிக்குப் பஸ் ஏறினோம்.

கண்டக்டர் அவள் கையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும், “ஏனுங்க அம்மா, அந்த ஜன்னல் ஓரம் போயிருங்க, உங்களுக்கும் நல்லது, பஸ்ஸுக்கும் நல்லது” என்றார். “பிளேன்ல போறவ நான், எனக்கெதுக்கு ஜன்னலு?” என்று ரோஷத்தோடு என் பக்கத்தில் நடுவிலேயே உட்கார்ந்தாள். பத்து வளைவு தாண்டவில்லை. முன்னால் நின்ற ஜவுளிக்கடை ஜாபர் உசேனின் வெள்ளை வேட்டி போய்விட்டது. “பரவால்லீங்கம்மா, தொவைச்சாப் போயிரும்” என்றார் அந்த நல்ல மனிதர். பின் சீட்டில் எவனோ, “பிளேன்ல போறாங்களாம், பிளேன்ல!” என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. வாந்தியைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பும்போது அவள் பஸ் ஏறவில்லை. காட்டுப் பாதையில் நடந்தே மலை ஏறினோம். “நீங்களே போயிட்டு வாங்க. அத்தன பேரு முன்னால அசிங்கப்பட்டுட்டு என் புள்ள மொகத்துல எப்படி முழிக்கறது?” என்றாள். பேரப்பிள்ளைக்கென்று துவைத்து மடித்திருந்த பழைய சேலைத் துணிகளைத் தன் பையிலிருந்து எடுத்து என் பையில் வைத்தாள்.

நேற்று ஒரு பொய் சொன்னேன். “எனக்கும் வயசாச்சு பாவாயி. அவ்வளவு ஒசரத்துல எனக்கே வாந்தி வந்துருமாட்ட இருக்குது. தனியாப் போனா யாரு பை புடிப்பாங்க?” என்றேன். அதோடு விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய், நினைத்தாலே கலங்குகிறது என்பதுபோல ஓங்கரித்துக் காட்டினேன். இத்தனை வயதில் இவ்வளவு கேவலமான வேலை செய்ததில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த மனுசனத் தனியா உட்டா பிளேனையே நாறடிச்சுப்போடுவாரு. மாப்பிள மானம் போயிரும்” என்றாள். சற்று நேரத்தில் துணிகள் அவள் பைக்குத் திரும்பிவிட்டன.

ஆகையால் மாப்பிள்ளையிடம் சொல். இடது பக்க ஜன்னல் ஓரம் என் பெயருக்கு, பக்கத்து இடம் அவளுக்கு. மேலே போனதும் எனக்குத் தலை சுற்றுகிறது என்று இடத்தை மாற்றிக்கொள்வேன். மலை தெரிந்தால் அவள் பார்க்கட்டும். அந்த ஜன்னல் திறக்காதாம், பை கொடுப்பார்களாம். நானும் நாலு பை கொண்டுவருகிறேன்.

அறப்பளீசுவரர் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். நீ ஒன்று மட்டும் செய் மகளே. நாங்கள் வந்து இறங்கும்போது அவள் சேலை எந்தக் கோலத்தில் இருந்தாலும் முகம் சுளிக்காதே. முதலில் அவளைக் கட்டிக்கொள். அப்புறம் என்னைப் பார்த்து, “ஏனுங்கப்பா, வழியெல்லாம் வாந்தியா?” என்று நாலு பேர் காதில் விழும்படி சத்தமாகக் கேள். நான் ஆமாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
சின்னராசு