வேண்டாமென்று சொன்ன பாவு

"என்னங்க" என்று ஆரம்பிக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

சாம்பார் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

"புனே வேலைக்குப் போலாமா வேணாமா, நீயே சொல்லுமா" என்று வாரம் முழுக்கக் கேட்டீர்கள். நானும் நெய்துகொண்டே யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று என் தறிக்கு அடுத்த சேலைகளுக்கான பட்டுப் பாவு நூல் கேட்கப் போனால் முதலாளி சிரிக்கிறார்: "இன்னாமா, ஊரை விட்டுப் போறோம், இனிமே பாவு வேணாம்னு உங்க வீட்டுக்காரரு போன மாசமே சொல்லிட்டாரே!" அத்தனை பேர் எதிரில், தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

விடாமல் கேட்டு அந்தப் பாவு நூலை வாங்கி வந்துவிட்டேன். அதைத் தறியில் பிணைக்க சங்கரி அக்கா வருவார். நீங்களே கதவைத் திறந்துவிடுங்கள். நான் ஐயம்பேட்டை போய்ச் சாயங்காலம் வருவேன்.

மங்கையர்க்கரசி

மறந்துவிட்டேன்: புனேயில் குளிருமாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, உங்கள் ஸ்வெட்டரை வைத்திருக்கிறேன். ஒரு பெட்டிதான் இறக்கினேன்.