மூன்று பெட்டிகளும் ஒரு வரிசையும்

சாவகச்சேரி
12.11.1990

அன்புள்ள அண்ணைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் இருமல்தான் எங்களுக்குக் கவலை.

தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களைத் தேடித்தரும் மேசையில் எனக்கு வேலை. கொழும்பில் கம்பியூட்டருக்குச் செய்வதாக நீங்கள் எழுதிய முறைப்படியே மூன்று பெட்டி வைத்தேன். ஒன்றில் ஆட்களின் பெயரும் குடும்ப இலக்கமும் எழுதிய பெயரட்டைகள், ஒன்றில் குடும்பமும் அது இருக்கும் முகாமின் இலக்கமும், ஒன்றில் முகாம்களின் விபரம். குடும்பம் இடம் மாறினால் ஒரே ஒரு அட்டையைத் திருத்தினால் போதும். அழகுதான்! ஆனால் ஒருவரைத் தேட மூன்றையும் கிண்ட வேண்டும். வரிசை சந்தை வரைக்கும் நிற்கிறது. முகாமைப் பெயரட்டையிலேயே எழுதிவிட்டால் என்ன?

தங்கை
செல்வநாயகி

கொழும்பு
3.12.1990

அன்புத் தங்கைக்கு,

இருமல் போய்விட்டது. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதினால் ஒருநாள் இரண்டும் சண்டை பிடிக்கும் என்று இங்கே தலையில் குட்டிக் குட்டிச் சொல்கிறார்கள். ஆனாலும் உன் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை குடும்பம் மாறுகிறது? எண்ணிப் பார். தேடுவதே அதிகமென்றால் பெயரட்டையிலும் எழுது. பிறகு என்னோடு சண்டைக்கு வராதே.

அண்ணன்
கனகரத்தினம்

சாவகச்சேரி
24.12.1990

அன்புள்ள அண்ணைக்கு,

எண்ணினேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் தேடுகிறார்கள். இரண்டு குடும்பம்தான் மாறுகிறது. முகாமைப் பெயரட்டைகளிலும் எழுதிவிட்டேன். வரிசை மத்தியானத்துக்குள் முடிகிறது. பொறுப்பாளர் அருளம்பலம், "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

செல்வநாயகி

சாவகச்சேரி
30.1.1991

அண்ணை,

பெரிய பிழை விட்டுவிட்டேன். தையில் பள்ளிக்கூடங்கள் திறக்க, அங்கிருந்த முகாம்களைக் கலைத்தார்கள். ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், முந்நூறு குடும்பம் மாறியது. குடும்ப அட்டைகளைத் திருத்தினேன். பெயரட்டைகள் பழைய முகாமோடு அப்படியே கிடந்தன.

மீனாம்பிகை என்ற தாய், ஓடி வந்தபோது தவறவிட்ட ஐந்து வயது மகளைத் தேடி வந்தார். பெயரட்டையை மட்டும் பார்த்து உடுப்பிட்டி முகாம் என்றேன். பஸ் இல்லை; அவ்வளவு தூரமும் நடந்தே போனார். பிள்ளையோ அயலவர் குடும்பத்தோடு என் மேசைக்குப் பின்தெருவில் இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார். மூன்று பெட்டியையும் திறந்து பார்த்து, நானே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தபிறகுதான் என்னோடு கதைத்தார்.

"தங்கச்சி, உங்கடை பெட்டியளிலை இரண்டு இடம் இருக்கலாம். எனக்கு ஒரு பிள்ளைதான்."

அழுதுவிட்டேன், அண்ணை.

ஆனாலும் பெயரட்டையில் எழுதுவதை நான் விடவில்லை. வரிசையில் நிற்பவர்களும் தாய்மார்தானே. இப்போது பென்சிலால், தேதி போட்டு எழுதுகிறேன். மாறிய குடும்பத்தின் பெயரட்டைகளை அன்றைக்கே அழித்தெழுதாமல் மேசையைப் பூட்டுவதில்லை. இன்றைக்கு இன்னும் பதினெட்டு அட்டை இருக்கிறது.

செல்வநாயகி