மூன்று கால்களின் வரிசை

மார்ச் 4, செவ்வாய்
மருத்துவமனையில் குளுக்கோஸ் பாட்டில் காலியாகும்போது அடிக்க வேண்டிய மணிக்கு என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா மின்சுற்று வரைந்திருக்கிறாள். கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பது என் வேலை. அதிலுள்ள டிரான்சிஸ்டருக்கு எங்கள் மென்பொருளில் மாடல் இல்லை; அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு அது. தயாரித்தவர்கள் கொடுப்பது வேறு மென்பொருளுக்கானது. ஏற்றினால் நாற்பது பிழை.

மார்ச் 6
மாடல் தேடியே பொழுது போனது.

மார்ச் 7, வெள்ளி
கிடைத்தது! யாரோ புண்ணியவான் எங்கள் மென்பொருளுக்கு மாற்றி இணையத்தில் போட்டிருக்கிறான். ஒரு பிழையும் இல்லை. ஆனால் சுற்றை ஓட்டிப் பார்த்தால் மணிக்கு மின்சாரம் போதவில்லை. அக்காவா தப்புப் பண்ணினாள்? உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாக இருந்தது. எழுதவே வெட்கம்.

மார்ச் 10, திங்கள்
கூட்டத்தில் எல்லார் முன்னாலும் திரையில் காட்டினேன்.
"மேஜையில வச்சுப் பாத்தப்ப நல்லாத்தான் அடிச்சுது" என்றாள் அக்கா.
"மேஜையில ஒண்ணு அடிச்சா போதுமா? செய்யப்போற ஆயிரமும் அடிக்கணும்ல?" — நான்தான் கேட்டேன்.
மேலாளர் சுற்றை அவளிடமிருந்து வாங்கி, எங்களோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டார். முதலில் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வீட்டில் பக்கத்து அறைதானே?

மார்ச் 11
வீட்டில் பாத்திரங்கள்தான் பேசுகின்றன. "ரெண்டு பேருக்கும் என்னடி ஆச்சு?" என்கிறாள் அம்மா.

மார்ச் 13
கண்ணாடிக்காரர் புதிதாக வரைந்த சுற்றும் கணினியில் தோற்றது. அதிலும் அதே டிரான்சிஸ்டர். மாடல் கோப்பைத் திறந்தேன்.
ஐயோ. முதல் வரியிலேயே டிரான்சிஸ்டரின் மூன்று கால்களின் வரிசை இருக்கிறது. எங்கள் மென்பொருளின் படத்தில் முதல் காலும் மூன்றாம் காலும் அதற்கு இடம் மாறி இருக்கின்றன. மென்பொருள் கால்களின் பெயரைப் பார்க்காது, வரிசையைத்தான் பார்க்கும். டிரான்சிஸ்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டு அவளைக் குறை சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
மாற்றி ஓட்டினேன். அக்காவின் சுற்று கச்சிதம்.

மார்ச் 14
முதலில் அவளிடம் சொன்னேன்.
"முதல் வரிய படிக்கலையாடி நீ?"
அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17
அதே கூட்டத்தில், அதே திரையில், என் தவறைக் காட்டினேன். சுற்று அக்காவிடமே திரும்பியது.

மார்ச் 24
வீட்டில் பழையபடி பேசுகிறாள். காலையில் என் சீப்பை எடுத்துக்கொண்டு சண்டைகூடப் போட்டாள்.
மாலையில் அவளுடைய புதிய வரைபடம் எல்லாருக்கும் வந்தது. சரிபார்ப்பவர் என்ற கட்டத்தில் கண்ணாடிக்காரரின் பெயர். ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?