சாகாமத்துக் கொட்டி

காக்கா,

உங்கள் கண்ணாடித் தொட்டியில் கொட்டிச் செடி பூத்திருக்கிறது. இன்று விடிய சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது மதினி வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னார். கேட்டதோடு நிற்காமல் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் வெள்ளைக் கதிர் நிற்கிறது. கீழே, ஓரம் சுருண்ட நீள இலைகள். இலைகளுக்கிடையில் கப்பி மீன்கள் போய்வருகின்றன. ஆகவே செய்தி உறுதியானது.

உங்களை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த கோடையில் அந்தத் தொட்டியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. உங்கள் பேரில் கத்தம் ஓத வந்தவர்களில் ஒருவர், இதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் விறாந்தையில் இடமாவது மிஞ்சும் என்றார். மதினி விடவில்லை. இப்போது மாரி மழை இறங்கியிருக்கிறது. நீங்கள் இல்லாமலேயே உங்கள் செடி எழும்பிப் பூத்தும் விட்டது. நான் உயிரோடு இருந்து, அன்றாடம் முன்னால் நின்று பார்க்கும் என் தொட்டியில் பச்சைத் தண்ணீர்தான். மௌத்தான மனிதர்மேல் பொறாமைப்படுவது ஆகுமா என்று எந்த மௌலவியிடமும் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன, பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணன் முறையில் உங்களைக் காக்கா என்று கூப்பிட்டாலும், நாம் இருவரும் ஒரே வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். நம் ஊர்களில் ஆண் பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோகிறான். நீங்கள் மாமியின் மூத்த மகளைக் கட்டிப் பெரிய வீட்டுக்கு வந்தீர்கள். நான் நடு மகளைக் கட்டிப் பக்கத்து வீட்டுக்கு வந்தேன். கதவு, கட்டில், தென்னை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு எல்லாம் பெண்களுக்கு வந்த சொத்து. உங்களுக்குக் கல்முனை பசாரில் சாரன் கடை இருந்தது. எனக்கு, பத்திரிகையில் வரும் ஒரு பெயர். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. அந்த வீட்டில் நான் கொண்டுவந்து வைத்தது என்று கைகாட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி இறக்கி, புட்டி பூசி, எழுபதுகளின் கடைசியில் அந்தத் தொட்டியைச் செய்வித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீங்கள் வந்து பார்த்தீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கனநேரம் நின்றீர்கள்.

"நல்லாத்தான் இரிக்கி தம்பி," என்றீர்கள். மாதம் முடியுமுன் உங்கள் விறாந்தையிலும் ஒரு தொட்டி வந்துவிட்டது. என்னுடையதை விட அரை முழம் நீளம்.

சாகாமக் குளத்தில் தண்ணீர் வற்றிய செய்தி எழுதப் போனபோது உங்களையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சேற்றில் இறங்கிக் கொட்டிக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் நம் இருவருக்கும் ஆளுக்கொன்று தந்தார்கள். "அவிச்சுத் தின்னத்தானே?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் நடப்போகிறோம் என்று நீங்கள் சொன்னதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரே குளத்துக் கிழங்கு. அடியில் போட்டது ஒரே வயலின் களிமண். அதன்மேல் பரப்பியது ஒரே ஆற்று மணல். தண்ணீர் அதே கிணற்றுத் தண்ணீர். அதனால் எந்தக் குற்றத்தையும் தண்ணீர்மேல் போட எனக்கு வழியிருக்கவில்லை. உங்கள் தொட்டியில் இலை கண்ணாடியைத் தொட்டது. என்னுடையதில் சுண்டுவிரல் அளவில் நின்றுவிட்டது. வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நான் அடிக்கடி பிடுங்கிப் பார்த்தேன். செய்தியாளன் பழக்கம், பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். ஒருநாள் முழங்கை வரை நனைந்து நின்ற என்னைக் கண்டு நீங்கள் வாசலில் நின்றே சொன்னீர்கள்: "என்ன தம்பி, வேர்ட்டயும் பேட்டி எடுக்கிறீங்களா? கைய வெளிய வைங்க. அது தன்ட பாட்டில இரிக்கட்டும்."

உள்ளே என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் நான் உங்களுக்கு மன்னிக்கவில்லை.

கோடை வந்ததும் இரண்டு தொட்டியிலும் இலைகள் கரைந்து போயின. என்னுடையது செத்துவிட்டது என்று கிழங்கைக் கிணற்றடியில் எறிந்தேன். கொழும்புக்குப் போனபோது பசுமையான செடிகளை ஈரச் சாக்கில் சுற்றி வாங்கிவந்து நட்டேன். நீங்கள் வெறும் மணலுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த நேரத்தில்தான் மாமியின் கடைசி மகளைப் பெண் கேட்டுச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். எந்த வீட்டு விறாந்தையில் அவர்களை இருத்துவது என்ற கதை வந்தது. எப்போதும் பெரிய வீட்டில்தான். இந்த முறை நான் துணிந்து கேட்டேன். மாமி வந்து என் தொட்டியைப் பார்த்தார். பிறகு உங்களுடையதைப் போய்ப் பார்த்தார். "ஓம், இந்தத் தடவ நடுவிலாள்ட ஊட்டுல வைப்பம். அங்கதான் பச்சையா இரிக்கி," என்றார். நான் எழுதிய எந்தச் செய்தியும் முதல் பக்கத்தில் வந்தபோது எனக்கு அப்படி இருந்ததில்லை.

அவர்கள் வரவிருந்த அன்று காலை ஒரு செடி சரிந்திருப்பது போலத் தெரிந்தது. வேர் பிடிக்கவில்லையோ என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்க்க வேண்டாமா? அடியிலிருந்த வயற்களி மேலே கிளம்பியது. பின்னேரம் அஸர் நேரமாகியும் அடங்கவில்லை. தேயிலை நிறத்துத் தண்ணீரில் செடிகள் மிதந்தன, மீன்களைக் காணவில்லை. மாமி வந்து நின்றார். மகளிடம் சொன்னார்: "பாயையும் தட்டையும் பெரியவள்ட ஊட்டுக்குக் கொண்டு போ புள்ள."

விருந்துக்குச் செய்த வட்டிலப்பத் தட்டுகள் என் முன்னால் ஒவ்வொன்றாக வேலியைக் கடந்து போயின. நானும் பின்னால் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா இறுகிய முகமுள்ள மனிதர். கதைக்கு அவர் பிடிகொடுக்கவில்லை. உங்கள் தொட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வெறும் மண்ணுக்கு என்னத்துக்கு இவ்வளவு தண்ணி?" என்று கேட்டார். இப்போது மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன்.

"நித்திரை, ஹாஜியார்," என்றீர்கள். "மழைக்கு எழும்பும்."

அவர் முகம் இளகியது. "எங்கட வயலும் அப்பிடித்தான் கிடக்கு," என்றார். பிறகு மழை, வாய்க்கால், விதைநெல் என்று கதை ஓடி, மஃரிபு பாங்குக்கு முன் கலியாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பசுமையாக வைத்து நான் தோற்றேன். மணலை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் வென்றீர்கள். அந்த மாரியில் உங்கள் தொட்டியில் கொட்டி பூத்தபோது அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். நான் திருக்கோவில் ஊரில் செய்தி இருக்கிறது என்று சொல்லி வெளிக்கிட்டுப் போனேன். அங்கே அன்று ஒரு செய்தியும் இருக்கவில்லை.

பிந்திய வருடங்களில் ஊரடங்கு நாட்கள் வந்தன. பேருந்து இல்லை, பத்திரிகை இல்லை, நான் போக இடமுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பீர்கள். மாமியும் என் மனைவியும் கூட அங்கேதான் இருப்பார்கள். "வாங்க தம்பி, மீனுக்கு ஊரடங்கில்ல," என்று கூப்பிடுவீர்கள். வருவேன். பார்ப்பேன். ஒவ்வொரு இலையையும் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து என் தொட்டியைப் பார்க்க மனம் வராது.

இன்று காலை பூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மதினி பின்னால் வந்தார்.

"ஒங்கட கிழங்கு நல்லாப் பூத்திரிக்கி என்ன?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ட கிழங்கா?"

"ஒங்கடதான். இவர்ட கிழங்கு அந்தக் கோடையிலேயே அழுகி நாத்தமெடுத்து எறிஞ்சாச்சே. நீங்க கிணத்தடியில எறிஞ்சதத்தான் எடுத்துக் கழுவி வச்சார். ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஆரு சொன்னது? ஏன் அவர் சொல்லயில்ல?"

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது இன்றைக்குத்தான். "நான் கேட்டன். சொன்னா தம்பி வந்து தோண்டிப் பாப்பார், கிழங்கு பாவம் எண்டார்."

ஆக, சாய்ந்தமருதார் முன்னால் அந்த மணலுக்கடியில் நித்திரை செய்தது என்னுடையது. இவ்வளவு காலமும் நான் எரிச்சலோடு பார்த்தது என் செடியை. இதைக் கேட்டால் பொறாமை ஆறும் என்று யாராவது நினைக்கக்கூடும். ஆறவில்லை, காக்கா. முன்பு உங்கள் கிழங்கின்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது, நான் செத்ததென்று எறிந்த ஒன்றைக் குனிந்து எடுத்த அந்தக் கையின்மேல் படுகிறேன். இது முந்தியதை விடக் கூடுதல். கேட்டுச் சண்டை பிடிக்கவும் நீங்கள் இல்லை.

பகல் என் தொட்டியைக் கழுவினேன். புதுக் களிமண், அதன்மேல் மணல், நம் கிணற்றுத் தண்ணீர். கலங்கல் இறங்கித் தெளிந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை. பின்னேரம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், அவள் உங்கள் விறாந்தையில் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கதிர் காய் பிடித்தால் விதை தருவதாக மதினி சொல்லியிருக்கிறார். காய் பிடிக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. பிடித்தால், வெள்ளாமை வெட்டுக்கு முன் விதை கைக்கு வரும் என்கிறார். கொடுப்பதற்கு ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். அது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதுவரை என் தொட்டியில் மணல்தான். முன்னால் நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.