ஐந்தாவது பிளாப்பி

இன்று மதியம் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்குப் பழைய பிளாப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். மகள் எப்போதோ தட்டச்சு செய்த விண்ணப்பம் அதில் இருக்கிறதாம். பிளாப்பி டிரைவ் இருக்கும் கணினி இங்கே ஒன்றே ஒன்றுதான் மிச்சம். செருகினேன். இரண்டு சுற்று சுற்றிவிட்டு ‘டர்ர்ர்... டக்’ என்றது. கொஞ்சம் நின்று மறுபடியும் ‘டர்ர்ர்... டக்’. படிக்க முடியாத இடத்தில் போய்ப் போய் முட்டும் சத்தம். முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். அந்தச் சத்தத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்ட காலை ஒன்று உண்டு. நீ செத்து ஐந்து வருடமாகியும் உன்னைப் பற்றி நான் ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு அந்தக் காலையும், அதற்கடுத்த நாளும்தான் காரணம்.

நாம் டிப்ளமா சேர்ந்தபோது உன்னைப் படிக்கவைத்தது செல்லூர் சாயப்பட்டறையில் வேலை பார்த்த உன் அண்ணன் செல்வம். என்னைப் பார்த்தால், “என்ன இஞ்சினியரு, இவனையும் ஒரு ஆளாக்கி விட்ருவீகளா?” என்பார். இரண்டாம் வருடம் அவரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்கள். கயிறு கிடையாது, முகமூடி கிடையாது. விஷவாயு. தூக்கும்போதே உயிர் இல்லை.

பட்டறை முதலாளி போலீசிடம் சொன்னது இரண்டே வாக்கியம். “அந்த ஆளு எங்கிட்ட வேலையே பாக்கலங்க. குடிச்சுட்டுச் சொவரேறி விழுந்துருக்கான்.” பீடிகூடக் குடிக்காத மனிதர். செத்தவனைக் குடிகாரன் ஆக்குவதுபோலச் சுலபமான வேலை இந்த ஊரில் இல்லை. அதிலும் செத்தவன் கூலிக்காரன் என்றால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். நீ கேட்டாய். உனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் அண்ணன் அங்கே வேலை பார்த்தார், வேலையில்தான் செத்தார் என்று ஒரு அரசாங்கத் தாள் சொல்ல வேண்டும். அதற்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாய், விசாரணை வைப்பதாகச் சொன்னார்கள்.

பட்டறை மேஸ்திரியிடம் வருகை நோட்டு இருந்தது. மாதத்துக்கு ஒரு பக்கம், நான்கு வருடம், நாற்பத்தெட்டுப் பக்கம். ஆட்கள் தினமும் தங்கள் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீ அவர் வீட்டு வாசலில் எத்தனை நாள் நின்றாயோ தெரியாது, கடைசியில் இறங்கி வந்தார். “காலைல தாரேன். மூணு மணிக்கு எங்கைக்கு வந்துரணும். இங்கிட்டு ஜெராக்ஸ் கடைப்பக்கம் போயிராதப்பா. அம்புட்டுப் பயலும் மொதலாளிக்குத் தெரிஞ்சவன்.”

நீ அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வில்லாபுரம் வந்தாய். அங்கே பிரவுசிங் சென்டரில் நான் பாதி நாள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பக்கமாக நீ பிடித்துக்கொள்ள, நான் ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளையில். வண்ணத்தில் எடுத்தால் கோப்பு இன்னும் பெருத்துவிடும்.

“பிரிண்டும் ஒண்ணு எடுத்துரு மாப்ள.”

“மை காஞ்சு கெடக்குடா. விசாரணை அன்னைக்கு எடுத்துக்கலாம். பேப்பர்னா எரிஞ்சு போகும். பைல யாரு எரிக்க முடியும்?”

இப்படிப் பேசியது நான்தான். இருபது வயது. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை மூலையில் கிடந்த ஒரு கணினியில் ஏற்றிவிட்டு, உலகமே என் விரலில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற கணினிகளில் இருந்த சுருக்கும் மென்பொருள், திறக்கும்போதெல்லாம் காசு கட்டு என்று கேட்கும். லினக்ஸில் இருந்தது எதையும் கேட்காது. யாரோ எழுதி, உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள் என்று உனக்கு விளக்கினேன். நீ நோட்டைப் பார்த்துக்கொண்டே, “அவன் அம்புட்டையும் தொறந்து வச்சிருக்கான். இங்க செத்தவன் பேரு இருக்குற நோட்ட ஒளிச்சுப் பாக்க வேண்டியிருக்கு” என்றாய்.

முப்பது பிளாப்பிக்கு மேல் பிடிக்கும் படங்கள் அவை. சுருக்கி அடைக்கும்போதுதான் நமக்குள் வாக்குவாதம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சுருக்கு என்றாய். “ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும்ல.” போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பிளாப்பியின் கடைசியிலும் ஒரு பக்கம் புகாத அளவுக்கு இடம் வீணாகி, மொத்தம் ஒன்பது வேண்டியிருந்தது. பெட்டியில் நல்ல பிளாப்பி எட்டுதான் இருந்தது. ஒன்பதாவதை வாங்க நாலு கடை தள்ளிப் போக வேண்டும். எனக்குச் சோம்பல். அதைவிட, நீ சொல்லி நான் கேட்பதா என்ற திமிர். நாற்பத்தெட்டையும் ஒரே கட்டாகக் கட்டி, மொத்தமாகச் சுருக்கி, எட்டுத் துண்டாக வெட்டினேன். சரியாக எட்டில் அடங்கியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

“சுருக்குறது பெருசில்ல. விரியுதான்னு பாரு” என்றாய். விரித்தும் காட்டினேன். அன்றைக்கு நாற்பத்தெட்டும் விரிந்தன.

எட்டையும் எட்டு வீட்டில் வைப்பது உன் யோசனை. பட்டறை ஆட்கள் ஒருமுறை உன் வீட்டுக்குள் புகுந்து பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். செல்வம் அண்ணனோடு வேலை பார்த்தவர்களிடம் நாம் சாட்சி கேட்டுப் போனோம். முருகேசண்ணன்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். “சாட்சின்னு வந்தா நாளைக்கே வேலை இருக்காது தம்பி. புள்ளைக இருக்கு. இதை வேணா வீட்டுல வச்சுக்கிறோம். உசுரே போனாலும் குடுக்க மாட்டோம்.” ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி ஒருவர் வீட்டிலும் கிடையாது. ஐந்தாம் எண் போட்டதை முருகேசண்ணன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நடந்தது. நோட்டு வெளியே போய் வந்தது முதலாளி காதுக்கு எட்டி, அதைப் பட்டறை அடுப்பிலேயே போட்டார்கள். மேஸ்திரி மேலூர்ப் பக்கம் போய்விட்டார். எங்கள் கடைக்காரர், யாரும் உட்காராத லினக்ஸ் எதற்கு என்று, நான் வராத ஒரு நாளில் அந்தக் கணினியைத் துடைத்து விண்டோஸ் போட்டுவிட்டார். அதிலிருந்த நகல் போயிற்று. எட்டையும் வாங்கி அடுத்த வாரம் இன்னொரு செட் போட்டுவிடலாம் என்று உன்னிடம் சொன்னேன். ஏழு மாதம் அதையே சொன்னேன்.

விசாரணைக்கு முதல் நாள் காலை எட்டும் வந்து சேர்ந்தன. ஒருவர்கூடத் தவறவில்லை. முதல் நான்கையும் டிரைவ் நன்றாகப் படித்தது. ஐந்தாவதைப் போட்டதும்தான் ‘டர்ர்ர்... டக்’.

முருகேசண்ணன் நம் பக்கத்தில் நின்றார். “அண்ணே, எதுல வச்சிருந்தீக?” என்று கேட்டாய். அவர் மனைவிக்குக் கல்யாணத்தில் வந்த ஹேண்ட்பேக்கில். அந்த வீட்டில் இருந்ததிலேயே நல்ல பொருள் அதுதான். வெளியே எடுப்பதே இல்லை. உள்ளே கைக்குட்டையில் சுற்றி, மூடும் இடத்தை ஒட்டிய சின்னப் பையில் வைத்திருந்தார்கள். அந்தப் பை ‘டப்’பென்று ஒட்டிக்கொள்ளும் காந்தப் பொத்தான் வைத்தது. காந்தம் பட்டால் பிளாப்பியில் இருப்பது அழியும் என்று அந்த எட்டுப் பேருக்கும் நான் சொல்லவே இல்லை. கூலிக்காரன் வீட்டில் காந்தம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தேன் போல.

“தண்ணி கிண்ணி ஒண்ணும் படலையே தம்பி. பத்திரமாத்தான் வச்சிருந்தா” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நீ அவர் தோளைத் தொட்டு, “மிசினு கோளாறுண்ணே, ஒங்க மேல தப்பில்ல” என்றாய். காந்தத்தைப் பற்றி நீ அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மொத்தமாகச் சுருக்கியதில் ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் வந்ததை வைத்துத்தான் விரியும். நடுவில் ஒன்று போனால், பின்னால் இருப்பது நன்றாக இருந்தும் பயனில்லை. ஆறும் ஏழும் எட்டும் பழுதில்லாமல் மேசைமேல் கிடந்தன. வெளியே வந்தது இருபத்துநாலு பக்கம். சரியாக முதல் இரண்டு வருடம். நீ சொன்னபடி தனித்தனியாகச் சுருக்கியிருந்தால் ஐந்தாறு பக்கம்தான் போயிருக்கும்.

ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மறுநாள் தெரிந்தது. இருபத்துநாலு பக்கத்தையும் வாங்கிப் பார்த்த முதலாளியின் வக்கீல் சிரித்தார். “ஆமாங்கய்யா, ரெண்டு வருசம் வேலை பாத்தாரு. அப்புறம் நின்னுட்டாரு. சாகுறப்போ எங்க ஆளு இல்ல. அவங்க குடுத்த ஆவணமே சொல்லுதே.” நாம் கொண்டுபோன காகிதத்தாலேயே உன் அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அதிகாரி மோசமானவர் இல்லை. என் பக்கம் திரும்பி நிதானமாகத்தான் கேட்டார். “நீங்கதானே ஸ்கேன் பண்ணுனது? மிச்சப் பக்கத்துலயும் அவர் கையெழுத்து இருந்துச்சா? கண்ணால பாத்தீங்களா?”

அன்று காலைதான் கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டிருந்தார். “தம்பி, நம்ம கடை இருக்குற கட்டடம் அந்த முதலாளி மச்சானோடது. பாத்துப் பேசு. என் பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்ராத.” அதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

“ஸ்கேன் மட்டும்தான் சார் பண்ணுனேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு கவனிக்கல.”

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்தபடி நின்றாய். வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை எனக்கு முன்னால் நடந்தாய். பஸ் படியில் கால் வைத்தபோது, “ஒனக்கும் வேலை இருக்கணும்ல மாப்ள. வாரேன்” என்றாய். திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

நீ படிப்பை விட்டாய். திருப்பூருக்குப் போய் நீயும் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தாய். இரண்டு வருடம் கழித்து மஞ்சள் காமாலை முற்றி உன்னை வேனில் கொண்டுவந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா என்னிடம், “ஒன் கூட்டாளிக்கு ஒன்னப் பத்தித்தான்யா பேச்சு” என்றார். நான் உள்ளே வந்தபோது உனக்கு நினைவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களின் பதிவேடுகளை ஸ்கேன் செய்கிறேன். தனித்தனியாகச் சுருக்கி, மூன்று நகல் எடுத்து, மூன்றையும் விரித்துப் பார்க்கிறேன். கவனமான ஆள் என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

அந்த அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பார்த்தேன். நாற்பத்தெட்டையும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பதினோரு பெயர். செல்வம் ஏழாவது. அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு இல்லை. அவர் இறந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் காலையில் போட்ட கையெழுத்து இருந்தது. அதற்குப் பின் அவர் வரிசை முழுக்க வெறும் கட்டம். அந்தக் கையெழுத்தை ஒட்டி ஒரு பெருவிரல் ரேகை, ஈரக் கையால் நோட்டைப் பிடித்ததில் பதிந்தது. அதன்மேல் உன் விரலை வைத்துவிட்டு, சரியாக அதே அளவு என்றாய். பச்சைச் சாயம். எட்டு பிளாப்பியும் பிழைத்திருந்தாலும் அது அந்தக் கோப்பில் கறுப்பாகத்தான் வந்திருக்கும். பச்சை என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்.