தண்டோடு வந்த பூ

இன்று காலை சிரம்பான் பூக்கடையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி. "அக்கா, போன வருசம் இதே மாசம் சுவா தோட்டத்துக்குப் பூ அனுப்புனீங்க. பொறந்தநாள் வருதுலா, இந்த வருசமும் அனுப்பட்டுமா?" கீழே உன் பெயர். பாவம், நீ போய்விட்டது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தேநீர் ஆறிப்போகும்வரை உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் உன் பிறந்தநாளுக்கு என்னால் வர முடியவில்லை. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தார். உன் வீட்டுக்காரர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. தனியாக உட்கார்ந்திருப்பாயே என்றுதான் கடையில் சொல்லி ரோஜாச் செண்டு ஒன்று அனுப்பினேன். மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்கு நினைப்பு. வேன்காரர் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு, "வீட்டுக்கு நம்பரே இல்லக்கா" என்று போன் செய்தார். "புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகைய தாண்டிப் போங்க. வாசல்ல ஒரு பொம்பள சத்தமா பேசிக்கிட்டு இருப்பா, அவதான்" என்றேன். உடனே கண்டுபிடித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உன் போன். "ஏண்டி, பூவு தண்டோட வந்திருக்கு. தண்ட ஆட்டுக்குப் போடவா?"

உன் வீட்டில் பூச்சாடி ஏது? போனைக் காதில் இடுக்கிக்கொண்டே செண்டைப் பிரித்து, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி லயத்து வரிசைவீட்டுப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தாய். கடைசி ரோஜாவை உன் கொண்டையில் செருகிக்கொண்டாய் போலிருக்கிறது. "புருசன் போனப்புறம் பூவாடி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டது எனக்கே கேட்டது. நீ விடுவாயா? "எங்கம்மா சின்ன வயசுல வெச்சுவிட்ட பூவு. அவரு கொண்டாந்ததா, அவரோட போறதுக்கு?"

எனக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் துரை பங்களா வேலிச் செம்பருத்தியைப் பறித்து நம் இருவர் தலையிலும் செருகிவிட்டு, காவல்காரர் அதட்டினால் "எங்க தலையிலேயே மொளைச்சது" என்று சொன்ன வாய்தானே அது.

தீபாவளிக்கு முன்னால் என்னவரும் போனார். காரியத்துக்கு வந்த பெண்கள் என் பூவையும் பொட்டையும் எடுத்தபோது, நீ மட்டும் கூடத்தில் நின்று அவர்களை முறைத்துக்கொண்டிருந்தாய். அடுத்த மாதம் அதே வேன் என் வாசலில் வந்து நின்றது. வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகைச் சரம். செண்டுதான் அனுப்புவோம் என்ற கடைப்பெண்ணிடம் சண்டை பிடித்து அனுப்பவைத்திருக்கிறாய். கூடவே வாழ்த்து அட்டை. அதில் ஒரே சொல்: வெச்சிக்கடி.

எனக்குத் துணிச்சல் வரவில்லை. மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், அக்கம்பக்கம் இருக்கிறது. சரத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் போனில் "வெச்சியா?" என்றாய்.

"அடுத்த வாட்டி பாப்போம்டி."

"பூவுக்கு ஏதுடி அடுத்த வாட்டி? வாடிப்போயிரும்லா."

தைப்பூசம் முடிந்த கையோடு நீயே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீ?

கடைப்பெண்ணுக்குப் பதில் போட்டேன். பூ வேண்டும், செண்டு வேண்டாம், மல்லிகைச் சரம், விலாசம் என்னுடையது. "அட்டையில என்ன எழுதணும்கா?" என்று கேட்டாள். "எனக்கு முன்ன ஒன்னு வந்துச்சே, அதையே எழுதும்மா" என்றேன்.

மத்தியானம் வந்துவிட்டது. முடியெல்லாம் கொட்டிப்போய்ச் சரம் நிற்க மாட்டேன் என்கிறது. கொண்டை ஊசியைக் குத்திக்கொண்டிருந்தபோது மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்ன சொல்வாளோ என்று சரத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். "ஒரு பக்கமா சாயுது, இருங்கத்த" என்று சரிசெய்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

தலையைத் திருப்பும்போதெல்லாம் வாசனை வருகிறது. வெச்சியா என்று கேட்க நீ இல்லை. வெச்சிக்கிட்டேண்டி.