குடைக் கணக்கின் மறுபாதி

ஜூன் 2

காலை ஏழு மணிக்கே இவர் டிவியைப் போட்டுவிட்டார். கீழே சிவப்புப் பட்டையில் எண்கள் ஓடுகின்றன. இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை பேர் சாவு. நடுவில் பற்பசை விளம்பரம். பிறகு மறுபடியும் சாவு. "சேனலை மாத்துங்களேன்" என்றேன். மாற்றினார். அங்கேயும் அதே எண்கள், பட்டை மட்டும் நீலம்.

ஒரே புத்தகத்தை நம்பித் தேர்வு எழுதாதீர்கள் என்று முப்பத்தேழு வருடம் வகுப்பில் சொன்னவள் நான். வேறு புத்தகம் தேட வேண்டியதுதான்.

ஜூன் 5

தேடிக் கேட்டவர்களுக்கெல்லாம் நோட்டில் மதிப்பெண் போடுகிறேன்.

யூடியூப் டாக்டர், பின்னால் அலமாரி நிறையப் புத்தகம், எல்லாம் ஒரே நிறம்: கேள்வி நல்ல கேள்வி. விடை பாதி வழியில் மாத்திரை விற்கப் போய்விட்டது. பத்துக்கு மூன்று.

வெளிநாட்டுப் பேராசிரியர், இரண்டு மணி நேரம்: பத்துக்கு ஏழு. நான்தான் இரண்டு முறை தூங்கிவிட்டேன்.

காருக்குள் உட்கார்ந்து கத்துகிறவர்: விடை சரி, வழி இல்லை. பத்துக்கு ஐந்து. வழி காட்டாத விடைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதே கிடையாது. தலைமை ஆசிரியரின் மகளுக்கே போட்டதில்லை.

இவர் எட்டிப் பார்த்தார். "விட்டா கொரோனாவையே ஃபெயிலாக்கிடுவே போலிருக்கே."

ஜூன் 9

மாடிவீட்டுப் போட்டோக்காரர் 'மறுபக்கம்' என்ற தன் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். கல்யாணங்கள் நின்றுபோனதில் கேமரா உறைக்குள் தூங்குகிறது, மனிதருக்குத்தான் தூக்கமில்லை. நாளுக்கு நூறு செய்தி.

அண்ணனும் அதில் இருக்கிறார்! பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை வேறு, இன்னும் கொரோனா தடுப்பூசி போடவில்லை. "எல்லாத் தரப்பையும் கேட்டுட்டுப் போட்டுக்கறேன்" என்கிறார். கேட்கட்டும். நானும் அதைத்தானே செய்கிறேன்?

குழுவில் இன்று சூடாகச் சுற்றுவது: ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பத்துப் பேரில் ஆறு பேர் ஊசி போட்டவர்களாம். அப்படியென்றால் ஊசி எதற்கு?

அருமையான கேள்வி. சாக்பீஸைத் தேடிக் கை பரபரக்கிறது.

ஜூன் 10

குரல் செய்தி அனுப்பினேன். வகுப்பில் செய்வதுபோலவேதான். முதல் நாள், தப்பான விடைக்கு வக்கீல் மாதிரி வாதாடுவேன். பிள்ளைகள் வீட்டில் போய் மண்டையைக் குழப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் நானே அதை உடைத்துக் காட்டுவேன்.

"மழையில நனைஞ்ச பத்துப் பேரை நிறுத்திப் பாருங்க. ஆறு பேர் கையில குடை இருக்கு. அப்போ குடை பிடிச்சவங்கதானே அதிகமா நனையறாங்க? யோசிங்க. நாளைக்குச் சொல்றேன்."

ஜூன் 11

மறுபாதியையும் அனுப்பிவிட்டேன். தெருவில் போனது நூறு பேர். அதில் தொண்ணூறு பேர் குடை பிடித்தவர்கள். அந்தத் தொண்ணூறில் நனைந்தது ஆறு. குடையில்லாத பத்தில் நனைந்தது நான்கு. இப்போது சொல்லுங்கள், குடை வேண்டுமா வேண்டாமா?

நல்ல வகுப்பு எடுத்த நிறைவு. இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

ஜூன் 14

மறுபாதியைக் கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இவர்.

ஜூன் 16

வெளிநாட்டிலிருந்து நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். "அண்ணி, கட்டாயம் கேளுங்க. இந்தம்மா எவ்வளவு தெளிவா பேசறாங்க!"

கொட்டும் மழை. சோக வயலின். கொட்டை எழுத்தில் 'உண்மையை உடைக்கும் குடை டீச்சர்'. குரல் — என் குரல்! கொஞ்சம் வேகமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருபது வருடமாக ஃபோனில் பேசுகிறவளுக்கு அடையாளம் தெரியவில்லை. 'அதிகமா நனையறாங்க?' என்பதோடு முடிகிறது. 'நாளைக்குச் சொல்றேன்' இல்லவே இல்லை.

மாடிக்கு ஓடினேன். போட்டோக்காரர் மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி டீச்சர் நம்ம வேலை? மழை ஷாட் ஒரு ரிசப்ஷன்ல எடுத்தது."

"மறுபாதி எங்கேப்பா?"

"அதுல பஞ்ச் இல்லையே டீச்சர்."

அழித்துவிடச் சொன்னேன். அழித்தார். அவர் ஃபோனில் இருந்ததை. ஊர் ஃபோன்களில் இருப்பதை யார் அழிப்பது?

ஜூன் 17

ஊசி முகாமில் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி பேசினாள். வரிசையில் நின்ற நாலு பேர் வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம். "உங்ககிட்ட படிச்சவ டீச்சர் நான். மறுநாள் விடை சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"



ஜூன் 18

இவர் தொப்பலாக நனைந்து வந்தார். குடை எங்கே என்றால், "குடை டீச்சர் வீட்டுக்காரன் குடை பிடிச்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 20

பயந்தது நடந்துவிட்டது. அண்ணன் ஊசிக்கு வாங்கிய டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

"எவனெவனோ சொன்னான், நான் கேக்கல. என் தங்கச்சி சொன்னா, கேட்டுட்டேன். குரலை வேகமாக்கினா எனக்குத் தெரியாதா?"

காலண்டர் தாளின் பின்பக்கம் நூறு புள்ளி வைத்துக் காட்டினேன். பஸ், டயர், பிரேக் என்று அவர் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்குப் பேசினதும் நீதான், இன்னிக்குப் பேசறதும் நீதான். ஆனா அன்னிக்குத்தான் நல்லா பேசினே."

ஜூன் 23

அண்ணனின் எதிர்வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்ததாம். கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். அவர் வாசலில் நின்று யோசிக்கிறேன், ஒரு உதாரணமும் வரவில்லை.

"எனக்கு பயமா இருக்குண்ணா. உனக்கு சர்க்கரை இருக்கு. என் பேச்சைக் கேட்டு உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? போட்டுக்கோண்ணா... போட்டுக்கோ..."

தெருவே பார்த்தது. வாதமும் இல்லை, வழியும் இல்லை. இது ஒரு விடைத்தாளாக என் கைக்கு வந்திருந்தால் பூஜ்யம்தான்.

அண்ணன் படியிறங்கி வந்தார். "இதைச் சொல்லவா இத்தனை நாள் குடை, டயர்னு சுத்தி வந்தே? இரு, நாளைக்கே போகலாம். இப்ப அழாதே, மாஸ்க் நனையுது."

ஜூன் 24

முதல் ஊசி. மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர், நர்ஸ் பஞ்சை எடுத்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஓ! 'எல்லாத் தரப்பையும் கேக்கணும்' என்றது இதற்குத்தானா?

ஜூலை 3

போட்டோக்காரர் 'குடை டீச்சர் — பாகம் இரண்டு' போட்டிருக்கிறார், அதே மழையோடு. இதுவரை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்றுக்கு நாற்பது பரவாயில்லை.

ஜூலை 22

அண்ணனுக்கு இரண்டாவது ஊசி. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் ஃபோனில் சோக வயலின் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெல்ல வரிசையை விட்டு நகரப் பார்த்தார். அண்ணன் அவர் தோளைத் தட்டினார்.

"அது பாதிப் பாடம் சார். மீதியை நான் சொல்றேன், கேளுங்க. நூறு பேர் போறாங்க. எண்பது பேர்கிட்ட குடை இருக்கு. நாற்பது பேர்கிட்ட இல்ல. நனைஞ்சது வந்து... ஒரு பதினஞ்சு, இல்ல, இருபதுன்னு வெச்சுக்கோங்க..."

நூறு பேர் நூற்றிருபது ஆகிவிட்டார்கள். என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"...ஆகமொத்தம் குடையை எடுத்துக்கிட்டுப் போங்க. அவ்வளவுதான் விஷயம்."

அந்த மனிதர் ஃபோனைப் பையில் போட்டார். வரிசையிலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண் நோட்டை எடுத்து எழுதினேன். அண்ணன்: வழி முழுக்கத் தப்பு, விடை சரி. பத்துக்குப் பத்து.